இரைப்பை அமிலத்தை அடக்கிய வரலாறு

மனித இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீர் சுரக்கிறது. அந்நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்களே, அதே அமிலந்தான். இவ்வளவு கடுமையான அமிலம் இரைப்பையின் சுவரையே ஏன் அரித்துவிடுவதில்லை? உட்சுவரின் மேல் படர்ந்துள்ள கோழைப் படலமும், அதனுள் சுரக்கும் பைகார்பனேட் என்னும் காரப்பொருளும் சுவரைக் காக்கின்றன. இக்காவல் தளர்ந்த இடத்தில் புண் உண்டாகிறது. இரைப்பையிலோ, அதை அடுத்துள்ள முன்சிறுகுடலிலோ தோன்றும் இப்புண்ணைக் குடற்புண் என்கிறோம். பேச்சு வழக்கில் அல்சர். அமிலம் கீழே இறங்காமல் உணவுக்குழலுக்குள் மேலேறினால் நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் எதுக்களிப்பும் தோன்றுகின்றன.

இத்தொல்லைகளுக்கு இன்று ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் என்ற பெயர்களில் மாத்திரைகளும் கேப்சூல்களும் உள்ளன. 'கேஸ் மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கி, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் விழுங்குகிறவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். இவை ஏமாற்று மருந்துகள் அல்ல. மிகச் சிறந்த மருந்துகள். ஆனால் இவை அமிலத்தைக் குறைக்கின்றன. புண்ணின் காரணத்தைத் தீர்ப்பது வேறு வேலை. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பிடித்தது. அந்த வரலாற்றை அறிந்தவர்க்கு, மருத்துவர் 'சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால்' என்று ஏன் சொல்கிறார் என்பதும், 'இத்தனை வாரம்' என்று ஏன் கணக்கு வைக்கிறார் என்பதும் தாமே விளங்கிவிடும்.

இரைப்பையின் புளிப்பு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் வருவது என்பதை 1823ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் சங்கத்தில் அறிவித்தவர் வில்லியம் பிரவுட் என்னும் ஆங்கில மருத்துவர். உயிருள்ள ஓர் உடலில் இத்தகைய அமிலம் இருக்க முடியுமா என்று ஐயுற்றவர்கள் பலர். அதற்குச் சற்று முன்பு, 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கூலியாளின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. அவர் பிழைத்தார், ஆனால் வயிற்றில் ஏற்பட்ட துளை மூடவே இல்லை. அவருக்கு வைத்தியம் செய்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட், இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே இறக்கி, அவை கரைவதை நேரம் குறித்துப் பார்த்தார். அவருடைய நூல் 1833இல் வெளிவந்தது. செரிமானத்தைப் பற்றிய நம் அறிவின் அடிப்படை இந்த ஏழைக் கூலியாளின் வயிற்றிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போது நன்றியோடு சிறிது வருத்தமும் தோன்றுகிறது.

1910இல் கார்ல் ஷ்வார்ஸ் என்னும் அறுவை மருத்துவர், அமிலச் சாறு சுரக்காத வயிற்றில் இவ்வகைப் புண் உண்டாவதில்லை என்று எழுதினார். அவர் கண்டது உண்மையே. ஆனால் அதிலிருந்து மருத்துவ உலகம் எடுத்துக்கொண்ட முடிவு அதைவிடப் பெரிது: அமிலமே குற்றவாளி, அதை ஒழித்தால் புண் ஒழியும். அடுத்த எழுபது ஆண்டுகள் இந்த எண்ணமே ஆட்சி செய்தது.

பாலும் காரமும்

சிகாகோ நகர மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி 1915இல் ஒரு பத்தியத்தை வெளியிட்டார். நோயாளி படுக்கையில் இருக்க வேண்டும். காலை முதல் மாலை வரை மணிக்கு ஒருமுறை பாலும் பாலேடும் கலந்து சிறிதளவு குடிக்க வேண்டும். இடையிடையே சோடா உப்பு, மக்னீசியம், கால்சியம் கார்பனேட் போன்ற காரப்பொடிகளை உண்ண வேண்டும். அமிலம் தலைதூக்க ஒரு கணமும் இடம் தரலாகாது என்பது கருத்து. இம்முறை உலகெங்கும் பரவியது. வலி உண்மையிலேயே குறைந்ததால் எவரும் கேள்வி கேட்கவில்லை.

எட்டே ஆண்டுகளில் மறுபக்கம் தெரிந்தது. இப்பத்தியத்தில் இருந்த சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் மயக்கமும் வந்து, சிறுநீரகமும் கெடுவதை 1923இல் ஹார்ட், ரிவர்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் எழுதினர். பாலின் கால்சியமும் காரப்பொடியும் அளவுக்கு மீறிச் சேர்ந்ததன் விளைவு அது. 'பால்-கார நோய்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. போதாக்குறைக்கு, பாலில் உள்ள புரதமும் கால்சியமும் குடித்த சிறிது நேரத்தில் அமிலச் சுரப்பைக் கூட்டுகின்றன என்பது 1976இல் அளந்து காட்டப்பட்டது. 'வயிற்றுப்புண்ணா? பால் குடி' என்னும் அறிவுரை நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. பால் தருவது தற்காலிக ஆறுதலே.

காரமருந்துகள் இன்றும் உள்ளன. கடைகளில் கிடைக்கும் வெண்மை அல்லது இளஞ்சிவப்பு நீர்மருந்துகளில் பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் கலந்திருக்கும். முன்னது மலத்தைக் கட்டும், பின்னது இளக்கும், இரண்டையும் சேர்த்ததால் ஒருவாறு சமன்படுகிறது. என்றோ ஒருநாள் வரும் எரிச்சலுக்கு இவை போதும். ஆனால் தைராய்டு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின் ஆகியவற்றோடு சேர்த்துக் குடித்தால் அம்மருந்துகள் உடலில் ஏறாமல் தடுத்துவிடும். இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடர்ந்து குடிக்கக் கூடாது.

நெய்யூரில் கத்தி

பாலுக்கும் பொடிக்கும் அடங்காத புண்ணுக்குக் கத்தியே கதி என்றிருந்த காலத்தில், அக்கத்திக்கு மிகுந்த வேலை கிடைத்த இடங்களுள் ஒன்று தென்னிந்தியா. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் டோக்ரா என்பவர் மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்து, இந்நோய் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் மிகுதி என்று காட்டினார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்திருந்த ஹோவர்ட் சோமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், குழு கலைந்தபின் நாட்டைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூருக்கு வந்தார். குவிந்து கிடந்த நோயாளிகளைக் கண்டு அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறிய இவர், அதன்பின் இருபது ஆண்டுகளாக ஏறி இறங்கியது நெய்யூர் மருத்துவமனையின் படிகளை.

அவரிடம் வந்தவர்களில் பலருக்கு முன்சிறுகுடலில் புண். ஆண்டுக்கணக்கில் ஆறியும் உடைந்தும் வந்த புண்ணின் தழும்பு, இரைப்பையின் வாயிலைச் சுருக்கிவிட்டிருக்கும். உண்டது இறங்காது, மாலையில் வாந்தியாகிவிடும், உடல் எலும்புக்கூடாகும். சோமர்வெல் இரைப்பையை, முன்சிறுகுடலை அடுத்துள்ள சிறுகுடல் பகுதியோடு நேராக இணைத்து மாற்றுவழி அமைத்தார். இத்தகைய அறுவையில் அவருக்கிருந்த அனுபவம் உலகில் மிகச் சிலருக்கே இருந்தது. 1948இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவையைப் பற்றி அவர் ஒரு நூலும் எழுதினார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்தார்.

தென்னாட்டாருக்கு ஏன் இந்நோய் மிகுதி? மிளகாய், புளி, மரவள்ளி, தவிடு நீங்கிய அரிசி என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றப்பட்டன. மனக்கவலை என்றனர் சிலர். உயிருள்ள ஒரு கிருமியைக் கூண்டில் ஏற்ற எவருக்கும் தோன்றவில்லை. அமிலத்தில் எதுவும் உயிர் வாழாது என்பது அன்றைய பாடம்.

கத்தியின் நோக்கமும் காலப்போக்கில் அமிலத்தின் பக்கமே திரும்பியது. சிகாகோவின் லெஸ்டர் டிராக்ஸ்டெட் 1943இல், அமிலம் சுரக்கத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி வைத்தியம் செய்யத் தொடங்கினார். வலி நின்றது, புண்ணும் பெரும்பாலும் ஆறியது. ஆனால் ஒரு புண்ணுக்காக நரம்பை இழக்க வேண்டியிருந்தது. இரைப்பையின் ஒரு பகுதியையே இழந்தவர்களும் உண்டு.

மூக்கொழுகலுக்கு நிற்பது வயிற்றுக்கு ஏன் நிற்கவில்லை?

இனி வருவது மருந்தியல் வரலாற்றிலேயே அழகான பகுதி எனலாம். ஹிஸ்டமின் என்னும் பொருளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வாமையால் தும்மலும் அரிப்பும் வருவது இதனால்தான். இதே ஹிஸ்டமின் நாயின் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்குவதை போப்பியெல்ஸ்கி என்னும் போலந்து நாட்டு விஞ்ஞானி 1920ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். பின்னர் ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்துகள் வந்தன. அவை மூக்கொழுகலை நிறுத்தின, அரிப்பை நிறுத்தின. அமிலச் சுரப்பை மட்டும் நிறுத்தவே இல்லை. அப்படியானால் அமிலத்திற்கும் ஹிஸ்டமினுக்கும் உறவில்லை என்று பலர் கைகழுவினர்.

ஜேம்ஸ் பிளாக் கைகழுவவில்லை. ஸ்காட்லாந்தில் 1924இல் பிறந்து, சிங்கப்பூரில் சில ஆண்டுகள் உடலியல் கற்பித்துத் திரும்பியவர் இவர். அதற்குள் புரோப்ரனலால் என்னும் இதய மருந்தை உருவாக்கி வெற்றி கண்டிருந்தார். உயிரணுவின் மேல் ஏற்பிகள் என்னும் பூட்டுகள் உள்ளன. ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் அவற்றைத் திறக்கும் சாவிகள். ஒரே சாவிக்கு மூக்கில் ஒரு பூட்டும் இரைப்பையில் வேறொரு பூட்டும் இருந்தால்? பழைய மருந்துகள் முதல் பூட்டை மட்டும் அடைத்தன என்று கொண்டால் புதிர் தீர்ந்துவிடுகிறது அல்லவா? இந்த இரண்டாம் பூட்டை அடைக்க ஒரு பொய்ச்சாவி செய்வதே அவருடைய திட்டம். சாவி பூட்டுக்குள் நுழைய வேண்டும். ஆனால் திறக்கக் கூடாது.

1964இல் இங்கிலாந்தின் வெல்வின் நகரில் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்கியது. வேதியியலார் ஹிஸ்டமின் மூலக்கூறைச் சிறிது சிறிதாக மாற்றி ஏறத்தாழ 200 சேர்மங்களைச் செய்தனர். நான்கு ஆண்டுகள் சென்றன. ஒன்றும் பயன்படவில்லை. அமெரிக்காவிலிருந்த தலைமையகம் பொறுமை இழந்தது. அந்நேரத்தில், முன்பே பரிசோதித்து ஒதுக்கிய ஒரு சேர்மத்தை மீண்டும் ஆராய்ந்தபோது, அது பூட்டைச் சிறிது திறக்கவும் சிறிது அடைக்கவும் செய்வதைக் கண்டனர். திறக்கும் குணத்தை நீக்கி, அடைக்கும் குணத்தை வளர்த்தெடுத்ததில் பிறந்தது புரிமமைடு. 1972இல் இரண்டாம் ஏற்பியின் இருப்பை உலகுக்கு அறிவித்தனர்.

புரிமமைடை வாய்வழி கொடுத்தால் போதிய அளவு உடலில் ஏறவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு நன்றாக ஏறியது, புண்ணும் ஆறியது, ஆனால் சில நோயாளிகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்தன. அக்கேட்டிற்குக் காரணம் மூலக்கூறில் இருந்த கந்தகப் பகுதியாக இருக்கலாம் என்று ஊகித்து, அதை மாற்றியதும் கிடைத்தது சிமெடிடின். 1976 நவம்பரில் டாகமெட் என்னும் பெயரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அறுவைக் கூடங்களில் குடற்புண் நோயாளிகளின் வரிசை குறையலாயிற்று. பிளாக் 1988இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆனால் சிமெடிடின் கல்லீரலின் சில நொதிகளையும் அடைத்தது. அதனால் வலிப்புக்கு ஃபெனிட்டாயினும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபாரினும், ஆஸ்துமாவுக்குத் தியோபிலினும் உண்பவர்களுக்கு அம்மருந்துகள் உடலில் தேங்கி நஞ்சாகும் ஆபத்து இருந்தது. 1981இல் கிளாக்ஸோ நிறுவனம் கொண்டுவந்த ரானிடிடினில் இத்தொல்லை மிகக் குறைவு. சில ஆண்டுகளில் அது சிமெடிடினை வீழ்த்தி உலகின் மிகுதியாக விற்பனையாகும் மருந்தாயிற்று. அதற்கும் ஒரு முடிவு வந்தது. 2019இல் ரானிடிடின் மாத்திரைகளில் என்டிஎம்ஏ என்னும் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள் காணப்பட்டது. மாத்திரை நாட்பட நாட்பட, வெப்பத்தில் இருக்க இருக்க, அது பெருகுவதும் தெரிந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அதன் விற்பனையை முற்றும் நிறுத்தக் கோரினர். இந்தியாவில் 2022இல் இன்றியமையாத மருந்துகளின் தேசியப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபமோடிடின் இக்குறையின்றிப் பயன்பட்டு வருகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று தொடக்கத்திலேயே தெரிந்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் பாதிப் பேருக்கும் மேல் புண் மீண்டும் வந்தது. 'தொடர்ந்து சாப்பிடுங்கள்' என்பதே விடையாக இருந்தது. காரணம் உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது என்பதன் அறிகுறியாக அதைப் பலர் கொள்ளவில்லை.

பம்பை நிறுத்தியவர்கள்

ஹிஸ்டமின் தூண்டுவோருள் ஒருவர் மட்டுமே. நரம்பும் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனும்கூட அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன. ஆனால் எவர் தூண்டினாலும் அமிலம் வெளிவரும் வாயில் ஒன்றே. உயிரணுவின் சுவரில் உள்ள ஒரு நொதி, ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிப் பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதைப் புரோட்டான் பம்பு என்கிறோம். இரத்தத்தில் இருப்பதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட செறிவில் அது அமிலத்தை வெளியேற்றுகிறது. மாட்டுத் தவளையின் இரைப்பையில் இந்நொதியை 1973இல் அமெரிக்காவில் கான்சரும் ஃபோர்ட்டேயும் கண்டறிந்தனர்.

அப்போது சுவீடனில், கோத்தன்பர்க் அருகே, அஸ்ட்ரா நிறுவனத்தைச் சேர்ந்த ஹெஸ்லே ஆய்வுக்கூடத்தினர் அமிலத்தைக் குறைக்கும் சேர்மங்களைத் தேடிக்கொண்டிருந்தனர். அவர்களுடைய டிமோபிரசோல் அமிலத்தை நன்கு தடுத்தது. ஆனால் தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதையும் தடுத்தது. பல மாற்றங்களுக்குப்பின் 1979இல் ஒமிப்ரசோல் உருவாயிற்று. தாங்கள் தாக்குவது புரோட்டான் பம்பை என்பது ஏறத்தாழ அதே காலத்தில்தான் அவர்களுக்குத் தெளிவாயிற்று.

இம்மருந்தின் வேலையைச் சற்று உன்னிப்பாகக் கவனியுங்கள். பாதுகாப்பாக உண்ணும் முறை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. விழுங்கும் நிலையில் ஒமிப்ரசோல் வெறும் ஊமை மருந்து. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே அமிலம் சுரக்கும் உயிரணுவை அடைந்து, அங்குள்ள அமிலத்தில்தான் அது செயல்வடிவம் பெறுகிறது. பிறகு பம்போடு இறுகப் பிணைந்து அதை நிரந்தரமாக நிறுத்திவிடுகிறது. ஆனால் இரைப்பைக் குழிவில் உள்ள அமிலம் பட்டால் வழியிலேயே அழிந்துபோகும். அதனால்தான் அமிலத்தில் கரையாத பூச்சிட்ட உருண்டைகளைக் கேப்சூலில் அடைக்கின்றனர். அதை மென்றோ பொடித்தோ விழுங்கினால் காசு வீண். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே மருந்து பிடிக்கும். உணவு வரும்போதுதான் பம்புகள் மிகுதியாக ஓடுகின்றன. மருந்தோ இரத்தத்தில் ஓரிரு மணி நேரமே தங்குகிறது. ஆகவே காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி முன்பு விழுங்கினால் இரண்டும் சந்திக்கின்றன. மாத்திரையை விழுங்கிவிட்டு நண்பகல்வரை பட்டினி கிடப்பவர் அதன் பயனில் பெரும்பகுதியை இழக்கிறார். முழுப்பயன் தெரிய மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். எரிச்சல் வந்த கணத்தில் ஒன்று போட்டுக்கொள்ளும் மருந்தன்று இது.

1984இல் ஒமிப்ரசோலின் கதை முடிந்துவிடும் போலிருந்தது. வாழ்நாள் முழுதும் பெரும் அளவில் அது கொடுக்கப்பட்ட எலிகளின் இரைப்பையில் கட்டிகள் தோன்றின. மனிதச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. ஆராய்ந்ததில், மருந்து நேராகக் கட்டியை விளைவிக்கவில்லை என்று தெரிந்தது. அமிலம் அறவே இல்லாதபோது உடல் 'இன்னும் சுரக்க வேண்டும்' என்று காஸ்ட்ரின் ஹார்மோனைப் பெருக்குகிறது. இடைவிடாத காஸ்ட்ரின் எலியின் சில உயிரணுக்களைப் பல்கச் செய்தது. அமிலத்தை வேறு வழியில் குறைத்தாலும் அதே விளைவு வந்தது. சோதனைகள் மீண்டும் தொடங்கின. 1988இல் லோசெக் என்னும் பெயரில் சுவீடனில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் இப்பெயரை லாசிக்ஸ் என்னும் சிறுநீர் பெருக்கும் மருந்தோடு குழப்பிக்கொண்டதால் பிரிலோசெக் என்று மாற்ற நேர்ந்தது. மருத்துவர்களின் கையெழுத்து எல்லா நாடுகளிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது!

எலிகளிடம் கண்ட அந்தக் காஸ்ட்ரின் மனிதரிடம் வேறு வகையில் தலைகாட்டுகிறது. 2009இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுத் தொல்லை எதுவும் இல்லாத 120 தன்னார்வலர்களில் ஒரு பாதியினருக்கு எட்டு வாரம் இவ்வகை மருந்தும், மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். பிறகு மருந்துக்காரர்களுக்கும் வெற்று மாத்திரையே தரப்பட்டது. அதன்பின் வந்த வாரங்களில் அவர்களுள் 44 சதவிகிதத்தினருக்கு நெஞ்செரிச்சல் முதலிய தொல்லைகள் தோன்றின. மற்றவர்களில் 15 சதவிகிதம். பெருகிய காஸ்ட்ரினால் மருந்து நின்றதும் அமிலம் முன்னிலும் மிகுதியாகச் சுரக்கிறது. 'நிறுத்தினால் எரிகிறது, ஆகவே எனக்கு வாழ்நாளெல்லாம் தேவை' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த எரிச்சல் நோயின் குரலாக இல்லாமல், மருந்தை விட்டதன் எதிரொலியாகவும் இருக்கலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்து, இடையே காரமருந்தை வைத்துச் சமாளித்தால் சில வாரங்களில் பலருக்கு அது அடங்கிவிடும்.

பெர்த் நகரத்துக் கிருமி

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில் ராபின் வாரன் என்னும் நோய்க்குறியியல் மருத்துவர் 1979இல் ஓர் இரைப்பைச் சதைத்துணுக்கில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். 1981இல் பாரி மார்ஷல் என்னும் இளைஞர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்க முப்பதுக்கும் மேற்பட்ட முறை முயன்றும் தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு நாளில் வளராவிட்டால் தட்டை எறிந்துவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் எறியப்படாமல் கூடுதல் நாட்கள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! பின்னர் ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற இக்கிருமி, யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொண்டு வாழ்கிறது. அவர்கள் ஆராய்ந்த 100 நோயாளிகளுள் முன்சிறுகுடல் புண் இருந்தவர் 13 பேர். அந்த 13 பேரிடமும் கிருமி இருந்தது.

நம்புவார் குறைவாக இருந்ததால், 1984இல் மார்ஷல் தாமே அக்கிருமியைக் கரைத்துக் குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. இரைப்பைச் சுவர் அழன்றிருந்தது. அவருக்கு வந்தது அழற்சிதான், புண் அன்று; இதைச் சிலர் மிகைப்படுத்தி எழுதுவதுண்டு. பின்னர் நடந்த சோதனைகளில், கிருமியைக் கொன்றவர்களுக்குப் புண் மீண்டும் வருவது மிக அரிதென்று தெரிந்தது. 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, கிருமியுள்ள குடற்புண் நோயாளிகளுக்கு எதிருயிரி மருந்து தர வேண்டும் என்று முடிவு செய்தது. 2005இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. கிரேக்க நாட்டில் ஜான் லிகூடிஸ் என்னும் மருத்துவர் 1958 முதலே எதிருயிரி மருந்துகளால் குடற்புண்ணுக்கு வைத்தியம் செய்து வந்தார். அவருக்குக் கிடைத்தது அபராதம்.

இந்தியாவில் இக்கிருமி ஏராளமானவர்களின் வயிற்றில் இருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை. வடக்கிலும் தெற்கிலும் கிருமி பரவலாக இருக்க, தெற்கில் புண் மிகுந்திருந்தது ஏன் என்ற கேள்வி டோக்ராவின் காலத்திலிருந்து இன்னும் நிற்கிறது. ஆயினும் புண் கண்ட ஒருவரிடம் கிருமி இருந்தால், வழக்கமாக 14 நாட்கள் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு அல்லது மூன்று கிருமிக்கொல்லி மருந்துகளைச் சேர்த்துத் தருகின்றனர். வலி நின்றதென்று ஐந்தாம் நாளே நிறுத்துபவர் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடுகிறார். முடிந்து நான்கு வாரம் கழித்துக் கிருமி ஒழிந்ததா என்று பார்க்க வேண்டும். அச்சோதனைக்கு இரு வாரம் முன்பே ஒமிப்ரசோல் போன்றவற்றை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிடில் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டும்.

புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம் வலி நிவாரணிகள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் முதலியவை, இரைப்பையின் கோழைப் படலத்தைப் பேணும் புரோஸ்டாகிளாண்டின்களைக் குறைக்கின்றன. இதை ஜான் வேன் 1971இல் விளக்கினார். மூட்டுவலிக்கு நாள்தோறும் இவற்றை விழுங்கிக்கொண்டே வயிற்றெரிச்சலுக்கு வேறொரு மாத்திரை தேடுபவர், முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது அந்த மூட்டுவலி மாத்திரையைப் பற்றி. மாறாக, இதய நோய்க்காக ஆஸ்பிரின் நிறுத்த முடியாத முதியவருக்கும், ஒருமுறை புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தவருக்கும் அமிலத்தைக் குறைக்கும் மருந்து உயிர்காப்பு. அவர்கள் யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. குளோபிடோகிரெல் உண்பவர்கள் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. அவை குளோபிடோகிரெல்லின் வேலையைக் குறைக்கின்றன என்று 2009இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது.

எதுக்களிப்பு வேறு வகை. அங்கே அமிலம் மிகுதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருக்கக் கூடாத இடத்திற்கு ஏறுகிறது. உணவுக்குழலின் அடியிலுள்ள வளையத் தசை தளர்வதே காரணம். கொல்ல வேண்டிய கிருமி ஏதுமில்லை. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் கட்டை, இடப்பக்கம் ஒருக்களித்த உறக்கம், தொந்தியைக் குறைத்தல் ஆகியவை மருந்தின் தேவையைக் குறைக்கும். உணவுக்குழலில் புண் கண்டவர்களுக்கு நெடுநாள் மருந்து வேண்டியிருக்கலாம். அப்போதும் தொல்லை அடங்கும் மிகச் சிறிய அளவே போதும்.

நெடுநாள் உண்டால் என்ன ஆகும்? எலும்பு முறிவு, மக்னீசியக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, சிறுநீரகக் கோளாறு எனப் பல எச்சரிக்கைகள் 2010 முதல் வந்துள்ளன. 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 17,598 பேரில் பாதியினருக்குப் பான்டோபிரசோலும் பாதியினருக்கு வெற்று மாத்திரையும் ஏறத்தாழ மூன்றாண்டு தரப்பட்டன. தெளிவாகக் கூடியது குடல் தொற்று ஒன்றே: 1.0 சதவிகிதத்திலிருந்து 1.4 சதவிகிதமாக. எனவே பீதி வேண்டாம். ஆனால் அந்த ஒன்று நமக்குச் சிறியதன்று. இரைப்பை அமிலம் உணவோடும் நீரோடும் வரும் கிருமிகளைக் கொல்லும் காவல். அமிலம் குறைந்தவர்களைக் காலரா எளிதில் பற்றுவது நெடுங்காலமாக அறிந்த செய்தி. குடிநீரை ஐயுற வேண்டிய ஊர்களில் இக்காவலைத் தேவையின்றி நீக்கலாகாது.

இம்மருந்துகளின் மிகப் பெரிய ஆபத்து அவை நன்றாக வேலை செய்வதுதான். இரைப்பைப் புற்றுநோயின் எரிச்சலைக்கூட அவை சில காலம் தணித்துவிடும். மலம் தார்போல் கறுத்திருத்தல், இரத்த வாந்தி, விழுங்கும்போது அடைத்தல், காரணமின்றி எடை குறைதல், இரத்த சோகை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை தேடாமல் எண்டாஸ்கோப்பிக்குச் செல்ல வேண்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தி, தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையோடு வரும் வலியை 'வாயு' என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டு காத்திருந்தால், மாரடைப்புக்கு வைத்தியம் செய்யும் நேரம் கடந்துவிடும்.

ஒமிப்ரசோலுக்குப் பின்னும் தேடல் நிற்கவில்லை. ஜப்பானில் 2015இல் விற்பனைக்கு வந்த வோனோபிரசான், பம்பில் பொட்டாசியம் அமரும் இடத்தையே அடைத்துக்கொள்கிறது. செயல்பட அமிலம் தேவையில்லை. அமிலத்தில் அழிவதும் இல்லை. ஆகையால் உணவுக்கு முன்பும் உண்ணலாம், பின்பும் உண்ணலாம்; முதல் நாளிலேயே வேலை செய்கிறது. இரத்தத்தில் காஸ்ட்ரின் உயர்வது மட்டும் ஒமிப்ரசோலைவிட இதில் மிகுதி.